என் தலையில் கிடந்த பால்ரஸ் குண்டு

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கடிதம் என்றால் முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. போன வருஷம் இதே மாசத்தில் இந்த வரியை நான் எழுதியிருந்தால் அது சுத்தப் பொய்யாக இருந்திருக்கும். இன்றைக்கு வெள்ளனே எழுந்து, கீழ்வயல் பூண்டுக்குத் தண்ணீர் கட்டி, மடையை உடைத்துவிட்ட பக்கத்து வயல்காரனை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்டு, குளித்து, சூடாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் பாவம், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்குப் புரியும்.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தடவை சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. நேற்று என் மருமகள் பவித்ரா பேசினாள். ஆறேழு மாசமாக நீ படுகிற பாட்டை இப்போதுதான் முழுசாகச் சொன்னாள். மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் உன் மனச்சோர்வு இறங்கவில்லை, அதனால் கோயம்புத்தூர் டாக்டர் காந்தச் சிகிச்சைக்கு எழுதியிருக்கிறார், வருகிற திங்கட்கிழமை முதல் நாள் என்றாள். கேட்டதும் அழுகை வந்தது. கூடவே ஒரு தெம்பும் வந்தது. இந்த நோயிலும் இந்த வைத்தியத்திலும் உன் அம்மா போகாத தெரு கிடையாது. அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் என்னை உட்காரவிடவில்லை. ஆரம்பிப்பதற்கு முன்னால் அங்கே வரிசையாகக் கேள்வி கேட்டார்களாம். நீ எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, "எதையாவது சொல்லப்போக, வேணாம்னு திருப்பி அனுப்பிட்டா என்ன செய்ய, வெரசா முடிஞ்சாப் போதும்" என்றாயாம். நீ எங்கள் வீட்டுப் பிள்ளைதான் என்பதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நேற்று அது ஊர்ஜிதமே ஆகிவிட்டது.

நம் பூம்பாறையில் கையில் பேனாவோடு யார் வந்து எதைக் கேட்டாலும் பதில் "இல்லைங்க" தான். மாடு காட்டுக்குள் போகுதா, விறகு எடுத்தீர்களா, ராத்திரி வெடிச் சத்தம் கேட்டதா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில். ஒரு தடவை கணக்கெடுக்க வந்த டீச்சர் வீட்டில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டபோது உன் அப்பா யோசிக்காமல் "இல்லைங்க" என்றார். நான் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்தோம். அந்தப் பழக்கம்தான் என்னை ஒரு நாள் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

நான் நோயில் கிடந்த நாட்களை நீ லீவில் வந்து அரைகுறையாகப் பார்த்திருப்பாய். எனக்குக் கோபம் போய்விட்டது, தம்பி. அதுதான் முதலில் போனது. ஊரே என் வாய்க்குப் பயப்படும். அப்படிப்பட்டவள், பூண்டு முற்றி நின்ற சமயத்தில் காட்டுமாடு இறங்கிப் பாதி வயலைத் துவைத்துவிட்டுப் போனதைப் பார்த்தபடி வரப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. பசி இல்லை, தூக்கம் இல்லை, வருத்தம்கூடச் சரியாக வரவில்லை. என் நாத்தனார் வந்து என் அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் உன் அப்பா பயந்துபோனார். கோயிலுக்குக் கூட்டிப்போனார், கொடைக்கானலில் டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரை சாப்பிட்டேன். ஒன்று கொஞ்சம் கேட்டது, ஒன்று நாள் முழுக்கத் தூங்க வைத்தது, ஒன்று வாயைக் காய வைத்தது. கடைசியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அப்போது நீ போனில் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அம்மாவுக்கு ஷாக் வைக்காதீங்கப்பா, ஞாபகமெல்லாம் போயிரும்" என்றாய். சினிமாவில் பார்த்ததை வைத்துக்கொண்டு பேசினாய். உன் அப்பாவோ இதைப் பழனி அடிவாரத்தில் விற்கிற காந்தக் காப்பு மாதிரி என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு தூரம் போவானேன், ஒன்று வாங்கிக் கையில் மாட்டிக்கொள்ளலாமே என்றார். இரண்டும் இல்லை. ஷாக் சிகிச்சை என்பது வேறு, மயக்கம் கொடுத்துச் செய்வது. அதற்கும் பலன் உண்டு, தேவைப்படுகிறவர்களுக்குச் செய்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். இதில் மயக்கமே கிடையாது. முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தலைக்கு வெளியே ஒரு கருவியை வைத்து, அதிலிருந்து காந்த அலை உள்ளே போய், மூளையில் சோர்ந்துகிடக்கிற இடத்தைத் தட்டித் தட்டி எழுப்புகிறது. ஊசி இல்லை, கத்தி இல்லை.

வத்தலக்குண்டில் உன் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் மதுரைக்குப் போய் வருவது என்று ஏற்பாடு. முதல் நாள் ஒரு நர்ஸ் பெண் கேள்வி கேட்டாள். தலையிலோ கழுத்திலோ இரும்பு ஏதாவது இருக்கிறதா, ஆபரேஷனில் வைத்த கிளிப் உண்டா, காதுக்குள் கருவி, நெஞ்சில் கருவி உண்டா, வலிப்பு வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, தலையில் அடிபட்டதுண்டா, சரியாகத் தூங்குகிறீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். எனக்குப் பேசவே தெம்பில்லை. உன் அப்பாதான் பக்கத்தில் நின்று தாளம் தப்பாமல் "இல்லைங்க, இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். சரியாகத் தூங்குகிறீர்களா என்பதற்கும் இல்லைங்க. அதுவாவது உண்மை. அதற்கு மட்டும் அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி உன் அப்பா கையில் கொடுத்தேன். பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒரு நாற்காலி. தலைக்குத் துணித் தொப்பி போட்டு, அளந்து புள்ளி வைத்தார்கள், காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். கருவியைத் தலைக்குக் கிட்டே கொண்டுவந்தார்கள். உன் அப்பா என் மூக்குத்தியை உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இத்தனூண்டு மூக்குத்திக்கே இவ்வளவு ஜாக்கிரதையா என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. கதவுப் பக்கம் நின்றவர் கையை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"நிப்பாட்டுங்க. அவ தலையில குண்டு கெடக்குங்க."

அந்த அறையில் எல்லாரும் என் தலையைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. இத்தனை வருஷமாகத் தலை சீவும்போதெல்லாம் சீப்பு ஏறி இறங்குகிற ஒரு மேடு அது, அவ்வளவுதான்.

உனக்கு இந்தக் கதை தெரியாது. எனக்குக் கல்யாணமான புதிது. உருளைக்கிழங்குக்குக் காட்டுப்பன்றி இறங்கிக்கொண்டிருந்த சமயம். உன் அப்பாவிடம் அவருடைய பெரியப்பா விட்டுப்போன நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதில் சைக்கிள் சக்கரத்துக்குள் இருக்குமே பால்ரஸ், அந்தச் சின்னக் குண்டுகளைப் போட்டு அடிப்பார்கள். ஒரு சாயங்காலம் பன்றியை விரட்டுகிறேன் என்று அவர் சுட, ஒரு குண்டு பாறையில் பட்டுத் திரும்பி, வரப்பில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த என் காதுக்குப் பின்னால் வந்து ஏறிவிட்டது. பன்றி சுகமாகக் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. கொடைக்கானலில் ஒரு கம்பவுண்டர் கட்டுப் போட்டுவிட்டார். ஊருக்கு, வரப்புக் கல்லில் விழுந்துவிட்டேன் என்று சொன்னோம். காட்டிலாகாக்காரர்கள் வந்து சத்தம் கேட்டதா என்று தெருத் தெருவாகக் கேட்டார்கள். தெருவே "இல்லைங்க" என்றது. துப்பாக்கியை உன் அப்பா பள்ளத்தில் வீசிவிட்டு, அன்றையிலிருந்து பன்றிக்குத் தகர டப்பாவைத்தான் தட்டுகிறார். என்னிடம் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்திப் பேசினதில்லை. அவர் சாது என்று நீங்கள் எல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், காரணம் என் தலையில் கிடந்தது.

டாக்டர் கோபப்படுவார் என்று உன் அப்பாவுக்குப் பயம். போலீஸைக் கூப்பிடுவாரோ என்று வேறு பயம். அந்த டாக்டர் வயதில் சின்னவர், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கருவியைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, உன் அப்பாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் ஒன்று சொன்னார். "நான் இந்த மெஷினுக்குப் பயப்படலீங்க. நீங்க சொல்லாம விடுறதுக்குத்தான் பயப்படுறேன்." இந்த வரியை நீ இரண்டு தடவை படி.

எக்ஸ்ரே எடுத்தார்கள். குண்டு எலும்புக்கு வெளியே, தோலுக்கு அடியில் கிடந்தது. அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி எடுத்துவிட்டார்கள். ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்கள், மிளகு அளவுதான் இருந்தது. டாக்டர் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அதன் கிட்டே கொண்டுபோனார். டக்கென்று எகிறிப் போய் ஒட்டிக்கொண்டது. கதவில் ஒட்டுகிற காந்தத்துக்கே இப்படி என்றால், அந்தக் கருவியின் காந்தம் எத்தனையோ மடங்கு பலம். குண்டு உள்ளேயே நகர்ந்திருக்கலாம், சூடேறியிருக்கலாம் என்றார்கள். அந்த நோயிலும் அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காயம் ஆறின பிறகு மறுபடி முதலிலிருந்து கேள்வி. இந்தத் தடவை உன் அப்பாவை நிறுத்த முடியவில்லை. அவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு வலிப்பு உண்டு என்பதிலிருந்து, எனக்குக் கடுங்காப்பி இல்லாமல் ஆகாது என்பது வரை எல்லாம் சொன்னார். சித்தப்பா உங்களுக்குத்தானே ரத்த சம்பந்தம், அம்மாவுக்கு இல்லையே என்று அந்தப் பெண் கேட்டபோதும், "இருக்கட்டும்மா, எழுதிக்கங்க" என்றார். டாக்டரும் பொறுமையாகச் சொன்னார். ஆபத்தே இல்லாத வைத்தியம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. இதில் பயப்பட வேண்டியது வலிப்பு, அது அபூர்வமாகத்தான் வரும், வந்தாலும் பார்த்துக்கொள்ள ஆள் பக்கத்திலேயே இருக்கும். இரும்பு இருக்கிறவர்கள், வலிப்பு வந்தவர்கள், தூக்கம் கெட்டவர்கள், குடிக்கிறவர்கள், சில மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்குத் தகுந்த மாதிரி அளவைக் குறைப்பார்கள், இல்லை வேண்டாம் என்பார்கள். மற்றபடி தலைவலி வரும், தட்டுகிற இடம் வலிக்கும், கன்னம் துடிக்கும். சத்தம் காதைக் கெடுக்காமல் இருக்க அடைப்பான் கட்டாயம். ராத்திரி வயல் காவலுக்கு நான் முழிக்கக் கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார். சனி ஞாயிறு ஊருக்குப் போனபோதும் காவலை உன் அப்பாவே பார்த்துக்கொண்டார்.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். அளவு பார்ப்பதற்காக முதலில் ஓர் இடத்தில் தட்டினார்கள். நான் ஆட்டாமலேயே என் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. எனக்குச் சிரிப்பு வந்ததாக உன் அப்பா சொல்கிறார், நான் நம்பவில்லை. டக்டக்கென்று மரங்கொத்தி கொத்துகிற மாதிரி சத்தம், தலைத்தோலில் விரலால் சுண்டுகிற மாதிரி வலி. முதல் வாரம் தலைவலி இருந்தது, மாத்திரை போட்டதும் போனது. முடிந்ததும் எழுந்து நானாக நடந்து வந்து பஸ் ஏறினேன். நீ ஞாபகம் போய்விடும் என்று சொல்லிவைத்தாயே, அதற்காக உன் அப்பா தினமும் பஸ்ஸில் எனக்குப் பரீட்சை வைப்பார். நம் வயல் ஒவ்வொன்றின் பேரையும் கேட்பார். யார் கல்யாணத்துக்கு என்ன சீர் செய்தோம் என்பார். ஒரு நாள் எங்கள் கல்யாணத்தில் உன் அத்தை என்னைப் பற்றிச் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல், அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்காமல் தலையைக் குனிந்து நின்றது உட்பட, சொல்லி முடித்தேன். அன்றோடு பரீட்சையை நிறுத்திவிட்டார். ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அவரே சாட்சி.

சில வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இதையும் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வாரங்களில்தான் நீ விட்டுவிடலாம் என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். உன் அப்பா காலையில் செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் வைப்பார், நான் போட்டுக்கொண்டு கிளம்புவேன். அப்புறம் ஒரு மத்தியானம் உன் சித்தி பூண்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஒரு வாய் வைத்தேன். கடையில் விற்கிற சொத்தைப் பூண்டு, காரமும் இல்லை, வாசமும் இல்லை. என்னை அறியாமல் தட்டைத் தள்ளிவிட்டு, "ஏட்டி, இதுக்குப் பேரு பூண்டா? மலைப்பூண்டு விளையுற வீட்டுல பொறந்துட்டு இதைக் கொண்டாந்து என் தட்டுல ஊத்துற, ஒனக்கு நாக்கு இருக்கா இல்லையா" என்று ஆரம்பித்தேன். அவள் சமையலில் தொடங்கி, அவள் மாமியார் வரைக்கும் போய்விட்டேன். அவள் கரண்டியோடு வாசல் பக்கம் திரும்பி, "மாமா, இங்கே வாங்க. அக்கா திட்டுது" என்று சொல்லிவிட்டு அழுதாள். உன் அப்பா ஓடி வந்து, "இன்னுங் கொஞ்சம் திட்டு" என்றார். எனக்குப் பசித்தது. அந்த மட்டமான குழம்பையே இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜெயித்துவிட்டேன், தம்பி. நாத்தனாரிடமிருந்து அரிவாளைத் திருப்பி வாங்கினேன், வாங்கிய விதத்தைத் தெருவே இன்னும் பேசுகிறது. மன்னவனூர் சந்தையில் உன் பெரியம்மா, "தலையில கரண்ட் வச்சாங்களாமே" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். கரண்ட் இல்லை, காந்தம், உனக்கும் வேண்டுமானால் மதுரைக்குப் போ என்று விலாசம் சொன்னேன். ஒளித்து வைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? இந்தக் கடிதத்தை யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. எல்லாருக்கும் இதே மாதிரி கேட்கும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குக் கேட்காமல் போகிறது, சிலருக்கு வந்தது மறுபடி திரும்புகிறது என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். நானும் ஒரு மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன். திரும்பி வந்தால் மறுபடி போய் அந்த நாற்காலியில் உட்காருவேன், அவ்வளவுதான். உனக்குக் கேட்கவில்லை என்றாலும் அதோடு எல்லாம் முடிந்துபோவதில்லை, வேறு வைத்தியம் இருக்கிறது. நடுவில், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு உனக்கு வந்தால், எந்த நேரமானாலும் பவித்ராவை எழுப்பிச் சொல்ல வேண்டும். இது என் கட்டளை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். நீ ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடக்கிறாய், சனிக்கிழமை சிநேகிதர்களோடு உட்கார்ந்து குடிக்கிறாய். பவித்ரா சொல்லவில்லை, எனக்கே தெரியும். இந்த இரண்டையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது உனக்கே தெரியாது. உனக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு நாள் காய்ச்சல் கொதித்து, கண் செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. பஸ் இல்லாத நேரம். காய்கறி லாரியில் காரட் மூட்டை மேல் உட்கார்ந்து உன்னை மடியில் போட்டுக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனேன். அது காய்ச்சலில் வருகிற வலிப்பு என்றார்கள், அப்புறம் வரவே இல்லை. நேற்று மதுரை டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். சின்ன வயதில் காய்ச்சலோடு வந்தது பெரும்பாலும் அந்த வயதோடு போய்விடும், ஆனாலும் உனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும், முடிவு அவர் எடுக்கட்டும் என்றார். பவித்ராவே சொல்கிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். உன் உடம்பு, உன் தலை, உன் வாயால் சொல்.

அவர் பொறுத்துச் செய்யலாம் என்றால் பொறுத்திரு. வேண்டாம் என்றால் வேறு வழி கேட்டுக்கொண்டு எழுந்து வா. சரி, உட்காருங்கள் என்றால் நிம்மதியாக உட்கார். நான் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கோயம்புத்தூருக்கு வருகிறேன், கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் இருப்பேன். அன்றைக்கு அந்த லாரியில் நீ பிழைப்பாயா மாட்டாயா என்று தெரியாமல் வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன். இந்தத் தடவை அழமாட்டேன். நீ உள்ளே போவதையும், எழுந்து வெளியே வருவதையும் கண்ணை அகலத் திறந்துவைத்துப் பார்க்கப் போகிறேன்.

அம்மா
பூம்பாறை